கட்டணமில்லா கார்டுடன் வெளிநாடு போறீங்களா? மெஷின் கேட்கும் அந்த ஒரு கேள்வியைக் கவனிங்க!

திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் அன்றைக்கே இலங்கையின் காங்கேசன்துறை. மகளைப் பார்க்க, பேரப்பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வர, சுற்றுலா போக என்று நம் ஊர்க்காரர்கள் வெளிநாடு போவது இன்று சாதாரண விஷயம். முன்பெல்லாம் மொத்தப் பணத்தையும் டாலர் நோட்டாக மாற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது பாக்கெட்டில் ஒரு கார்டு போதும்.

அதற்கேற்ற மாதிரி விளம்பரமும் வருகிறது: “வெளிநாட்டிலும் கட்டணமே கிடையாது”, “ஜீரோ ஃபாரெக்ஸ் மார்க்அப்”. பொய் இல்லை. ஆனால் அது முழு விவரமும் இல்லை. வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது உங்கள் பணம் மூன்று இடங்களில் கசியலாம். இந்த வகை கார்டு அடைப்பது அதில் ஒன்றைத்தான். இன்னொன்றை அடைக்கும் வேலை உங்கள் விரலில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

‘ஜீரோ’ என்பது எந்தக் கட்டணம்?

சாதாரண டெபிட் அல்லது கிரெடிட் கார்டை வெளிநாட்டுப் பணத்தில் பயன்படுத்தினால், நம் வங்கி ‘ஃபாரெக்ஸ் மார்க்அப்’ என்ற பெயரில் ஒரு கட்டணம் பிடிக்கும். பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.

ஒரு கணக்குப் போடுவோம். சிங்கப்பூரில் 500 டாலருக்குப் பொருள் வாங்குகிறீர்கள். ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 35,000 ரூபாய். மார்க்அப் 3.5 சதவீதம் என்றால் 1,225 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 220 ரூபாய் 50 காசு. ஆக, பொருளின் விலையைத் தவிர 1,445 ரூபாய் 50 காசு கூடுதலாகப் போகிறது. கடைக்காரர் ஒரு காசும் கூட்டவில்லை. ரசீதிலும் இது தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஜீரோ மார்க்அப் கார்டில் இந்த 1,445 ரூபாய் மிச்சம். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் நிர்ணயிக்கும் மாற்று விகிதத்திலேயே கணக்கு முடிந்துவிடும். அந்த விகிதத்தை அவற்றின் இணையதளத்தில் உள்ள கால்குலேட்டரில் நீங்களே பார்க்கலாம். ‘வங்கிக் கட்டணம்’ என்ற கட்டத்தில் 0 என்று போட்டுப் பாருங்க. உங்கள் ஸ்டேட்மென்ட் தொகை கிட்டத்தட்ட அதோடு ஒத்துப்போக வேண்டும்.

“ரூபாயிலா, டாலரிலா?” – திரையில் வரும் கேள்வி

இனிதான் முக்கியமான இடம். கார்டைச் செருகியதும், அது இந்தியக் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை காட்டும்: ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று நம் ரூபாயில். எது வேண்டும் என்று கேட்கும். சில கடைகளில் விற்பனையாளரே வாயால் கேட்பார்.

நம் மனசு உடனே ரூபாய் பக்கம்தான் போகும். எவ்வளவு என்று அப்போதே தெரிகிறதே, தெரிந்த பணம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. ரூபாயை அழுத்தினால், மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது உங்கள் கார்டு நிறுவனம் அல்ல, கடையின் மெஷினை நடத்தும் நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்தே விகிதம் போடும். மேலே சொன்ன அதே 500 டாலருக்கு 5 சதவீதம் கூட்டி வைத்தால் 36,750 ரூபாய். அதாவது, ஜீரோ மார்க்அப் கார்டு கையில் இருந்தும் 1,750 ரூபாய் நஷ்டம். சாதாரண கார்டில் போயிருக்கக்கூடிய 1,445 ரூபாயை விட இது அதிகம்! போதாக்குறைக்கு, வெளிநாட்டில் ரூபாயில் செய்யும் பரிவர்த்தனைக்குத் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு.

எனவே விதி ஒன்றே ஒன்று: எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர், மலேசியாவில் ரிங்கிட், துபாயில் திர்ஹம், இலங்கையில் இலங்கை ரூபாய்.

கேட்காமலேயே விற்பனையாளர் ரூபாயை அழுத்திவிட்டால்? ரசீதைப் பாருங்க. அதில் ஐஎன்ஆர் என்ற எழுத்துகளோடு இந்திய ரூபாய்த் தொகையும் மாற்று விகிதமும் அச்சாகியிருந்தால் டிசிசி நடந்துவிட்டது என்று பொருள். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஊருக்கு வந்தபிறகு வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெறுவது மிகவும் கஷ்டம்.

ஏடிஎம்மில் ‘வேண்டாம்’ என்று சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லணும். ஏடிஎம் திரையில் ‘அக்செப்ட் கன்வெர்ஷன்’, ‘டிக்ளைன் கன்வெர்ஷன்’ என்று இரண்டு பட்டன் வரும். ‘டிக்ளைன்’ என்றதும் பணமே வராதோ என்று பயந்து பலரும் முதல் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். பயம் வேண்டாம். நீங்கள் மறுப்பது ரூபாய்க்கு மாற்றுவதை மட்டும்தான். பணம் வரும், உங்கள் கார்டு விகிதத்தில் வரும்.

ஆனால் மூன்றாவது கசிவு இங்கேதான் இருக்கிறது. அந்த ஏடிஎம்மை வைத்திருக்கும் உள்ளூர் வங்கி தனக்கென ஒரு கட்டணம் கேட்கலாம். உங்கள் கார்டு ‘ஜீரோ’வாக இருந்தாலும் இதை நம் வங்கியால் தடுக்க முடியாது. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 200 பாட்டுக்கு மேல் பிடிப்பது வழக்கம். 220 பாட் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பாட் வீதம் ஐந்து தடவை எடுத்தால் கட்டணம் 1,100 பாட். 10,000 பாட்டை ஒரே தடவையில் எடுத்தால் 220 பாட்தான். எனவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல், தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் எடுங்கள்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ரொக்கத்துக்கு டெபிட் கார்டே சரி.

இதே மாதிரி வேறு சில செலவுகளும் கார்டின் கணக்கில் வராது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வங்கிக் கார்டைத் தட்டியே பயணம் செய்யலாம். டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு, அதாவது 0.60 சிங்கப்பூர் டாலர், நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒருவருக்கு ஒரு கார்டு என்ற கணக்கு. அப்பா, அம்மா இருவரும் ஒரே கார்டைத் தட்டிப் போக முடியாது.

கார்டு வாங்கும் முன் வங்கியிடம் கேளுங்கள்

1. கடையில் தேய்ப்பது, ஆன்லைன், ஏடிஎம் ஆகிய மூன்றுக்கும் மார்க்அப் பூஜ்யமா? சில கார்டுகளில் கடைக்கு மட்டும் பூஜ்யம்.
2. வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுக்க உங்கள் வங்கியின் கட்டணம் எவ்வளவு?
3. ஆண்டுக் கட்டணம், கணக்கில் வைக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் போகிறவருக்கு, மார்க்அப்பில் மிச்சமாவதை விட ஆண்டுக் கட்டணம் அதிகமாகிவிடக் கூடாது.
4. முன்கூட்டியே டாலர், திர்ஹம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் ப்ரீபெய்டு கார்டு என்றால், ஏற்றாத வேறு நாட்டுப் பணத்தில் செலவழித்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? மீதியைத் திரும்ப ரூபாயாக்கக் கட்டணம் என்ன?

பதிலை வாய்வார்த்தையாக மட்டும் வாங்காதீர்கள். வங்கியின் கட்டண அட்டவணையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் மொபைலில் செய்ய வேண்டியது

கணக்கில் பணம் இருந்தும் வெளிநாட்டில் கார்டு வேலை செய்யாமல் போவதற்கு முக்கியமான காரணம், சுவிட்ச் அணைந்திருப்பதுதான். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 அக்டோபர் 1 முதல், புதிதாக வழங்கப்படும் கார்டுகள் இந்தியாவில் உள்ள ஏடிஎம், கடை மெஷின்களில் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் திறக்க வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போனால் ‘இன்டர்நேஷனல்’ என்று இருக்கும். எந்த நேரத்திலும் திறக்கலாம், மூடலாம், உச்சவரம்பும் வைக்கலாம்.

கடை, ஏடிஎம் இரண்டையும் திறங்கள். ஆன்லைனை, தேவைப்படும்போது மட்டும் திறந்து மூடுங்கள். ஏனென்றால் வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுத்துவிட முடியும். ஊர் திரும்பியதும் மொத்தத்தையும் அணைத்துவிடுங்கள்.

பெரிய சேமிப்பு இருக்கும் கணக்கின் கார்டைக் கொண்டுபோகாமல், பயணச் செலவுக்கான பணத்தை மட்டும் வேறொரு கணக்கில் போட்டு, அந்தக் கார்டை எடுத்துப் போவது நல்லது. கூடவே இன்னொரு வங்கியின் கார்டு ஒன்று. இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. ஹோட்டலில் முன்பணமாக நிறுத்தி வைக்கும் தொகைக்கு முடிந்தால் கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் விடுபடும் வரை உங்கள் இருப்பில் குறைந்தே இருக்கும்.

இந்திய சிம்மைக் கழற்றிப் பையில் போட்டுவிடாதீர்கள். ஓடிபியும் எச்சரிக்கைச் செய்தியும் அதில்தான் வரும். ரோமிங் வசதியை இங்கேயே செயல்படுத்திச் சரிபாருங்கள். இலங்கை, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், நேபாளம் போன்ற நாடுகளில் குறிப்பிட்ட கடைகளில் யுபிஐ மூலமும் பணம் செலுத்தலாம். அதற்கும் ஆப்பில் ‘யுபிஐ இன்டர்நேஷனல்’ வசதியைத் திறக்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்காது என்பதால் அதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

கார்டு தொலைந்தால்

முதல் வேலை, ஆப்பில் கார்டை ‘பிளாக்’ செய்வது. மொபைலும் சேர்ந்து தொலைந்திருந்தால்? அதற்காகத்தான் வங்கியின் உதவி எண்ணை +91 உடன் முழுதாக ஒரு தாளில் எழுதி, பர்ஸில் வைக்காமல் பெட்டியில் வைக்கச் சொல்கிறோம். 1800 எனத் தொடங்கும் இலவச எண்களும், 1930 போன்ற குறுகிய எண்களும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காமல் போகலாம்.

உங்கள் தவறு இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், வேறு எங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. தாமதம் ஆக ஆக உங்கள் பங்கு கூடும். பின் எண்ணையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரையிலான நஷ்டம் உங்களுடையது. ஆகவே, “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடாதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைய மோசடி என்றால் 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ பதிவு செய்யலாம். வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரங்களுக்கு 14448.

அம்மா அப்பாவுக்குச் சொல்லித் தாருங்கள்

இதைப் படிக்கும் உங்களுக்கு ஆப், சுவிட்ச், லிமிட் எல்லாம் பழக்கமாக இருக்கலாம். ஆனால் முதல் தடவையாக வெளிநாடு போகும் பெற்றோர் கையில் இந்தக் கார்டு இருந்தால், மெஷின் கேள்வி கேட்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். எனவே கிளம்பும் முன் ஒரு தடவை உட்கார்ந்து அவர்கள் மொபைலில் சுவிட்சைத் திறந்து கொடுங்கள். கார்டு உறையின் மேல் ஒரு சின்னத் தாள் ஒட்டி இப்படி எழுதுங்கள்: “ரூபாய் வேண்டாம், அந்த ஊர்ப் பணம்.”

ஜீரோ மார்க்அப் கார்டின் முழுப் பலனும் கிடைப்பது அந்த ஐந்து வார்த்தையை ஞாபகம் வைத்திருப்பவருக்குத்தான். பயணம் இனிதாகட்டும்!