பள்ளிக்கூடத்துச் சமையல் – 4: ஓர் அடுப்பு, ஐந்து பிள்ளைகள், ஒரு பெரியவர்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், நடுநகரை ஒட்டிய காலிங்வுட் பகுதியின் அரசுப் பள்ளி ஒன்றில் 2001-இல் காய்கறித் தோட்டம் போடப்பட்டது. பள்ளியின் பெயர் காலிங்வுட் காலேஜ். பெயரில்தான் காலேஜ், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளும் படிக்கும் இடம் அது. யோசனை ஸ்டெபனி அலெக்சாண்டருடையது. மெல்பர்னில் 1976 முதல் 1997 வரை தம் பெயரிலேயே புகழ்பெற்ற உணவகம் நடத்தியவர். 1996-இல் வெளிவந்த ‘தி குக்ஸ் கம்பேனியன்’ என்ற தடித்த சமையல் நூலின் ஆசிரியர். அமெரிக்காவின் பெர்க்லியில் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ், பள்ளியில் தோட்டமும் சமையலும் என்ற இதே வேலையை 1995-இலேயே தொடங்கியிருந்தார். அங்கே நடுநிலைப் பள்ளி. இங்கே 3-ஆம் வகுப்பு முதல் 6-ஆம் வகுப்பு வரை, எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்.

தோட்டமும் சமையலும் கால அட்டவணையிலேயே இடம்பெற்றன. வாரந்தோறும் தோட்டத்தில் 45 நிமிடம், சமையலறையில் 90 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் சம்பளம் பெறும் தனி ஆசிரியர் உண்டு. தோட்டம் தெரிந்தவர் ஒருவர், சமையல் தெரிந்தவர் ஒருவர். பாத்தி கட்டுதல், விதை ஊன்றுதல், மட்கு உரம் தயாரித்தல், பறித்தல் எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. பறித்தது நேரே சமையலறைக்குப் போகும்.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் என்றால் அடுப்புகள் ஐந்து. ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் ஐந்து அடுப்பருகே நிற்க முடியாது. வகுப்பாசிரியரும் சேர்ந்தால்கூட இருவர்தான். நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தால்தான் கொதிக்கும் தண்ணீரையும் கூரிய கத்தியையும் அவர்கள் கையில் நம்பிக் கொடுக்கலாம். அந்தப் பெரியவர்களை ஊரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. திட்டத்தின் முகமாகப் படங்களில் தெரிவது தோட்டம். அதைத் தாங்குவதோ வாரத்தில் ஒரு காலைப்பொழுதை விட்டுக்கொடுக்கும் இந்தத் தன்னார்வலர்கள்.

பெற்றோர், தாத்தா பாட்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்துத் தெருக்காரர் எனப் பலரும் வருவார்கள். குழந்தைகளோடு வேலை செய்ய வருபவர்களுக்கு அரசின் பின்னணிச் சரிபார்ப்பு முறை ஒன்று உண்டு. கைதேர்ந்த சமையல்காரராக இருக்க வேண்டியதில்லை. மெல்பர்னில் இத்தாலி, கிரேக்கம், வியட்நாம் என்று பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். தக்காளியை எப்போது நடுவது, கீரையின் எந்தப் பாகத்தை வீணாக்கக் கூடாது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தைவிட அப்படிப்பட்ட வீட்டுப் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்.

தன்னார்வலருக்கு உண்மையில் கடினமான வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பூசணிக்காயை ஒரு பிள்ளை கோணல்மாணலாக நறுக்கும்போது கத்தியை வாங்கித் தானே நறுக்கிவிடத் தோன்றும். வீட்டில் இருபது வருடமாகச் செய்த பழக்கம் அது. இங்கே அதைச் செய்யக் கூடாது. விரல் நுனிகளை உள்ளே மடக்கிக் காயைப் பிடிக்கச் சொல்லலாம், சமையல் குறிப்பின் அடுத்த வரியைப் படிக்கச் சொல்லலாம், உப்பு போதுமா என்று கேட்கலாம். வேலை பிள்ளையின் கையை விட்டுப் போகக் கூடாது.

சமையல் பட்டியலைத் தோட்டம் முடிவு செய்கிறது. தெற்கு அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழ் என்பதால் பிப்ரவரியில் தக்காளியும் சுக்கினியும் குவியும். குளிர்காலத்தில் சில்வர்பீட் என்ற அகன்ற இலைக் கீரை விடாமல் வந்துகொண்டே இருக்கும். ஒரே காய் வாரக்கணக்கில் வந்தால் ஒரு வாரம் சூப், மறு வாரம் பாஸ்தாவுக்குள் பூரணம், அதற்கடுத்த வாரம் அடை போன்ற ஏதாவது. அன்றைக்குக் கிடைத்த இலைகளையும் பூக்களையும் வைத்துப் பிள்ளைகளே தீர்மானிக்கும் ‘கற்பனைச் சாலட்’ ஒன்றும் உண்டு. ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு பண்டம் செய்யும். கடைசியில் மேசை விரித்து, பூ வைத்து, எல்லாரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பகிர்ந்து சாப்பிடுவார்கள், தன்னார்வலர் உட்பட. பிடிக்காததைத் தின்னும்படி வற்புறுத்துவதில்லை. ஒரு வாய் ருசிபார்க்கத் தூண்டுவதோடு சரி. சத்துப் பட்டியல் போட்டு மிரட்டுவதைவிடச் சாப்பாட்டின் இன்பத்தைக் காட்டுவதே வழி என்பது அலெக்சாண்டரின் பிடிவாதமான கொள்கை.

2004-இல் இதற்கென ஓர் அறக்கட்டளை உருவானது. 2008-இல் ஆஸ்திரேலிய மத்திய அரசு 1 கோடியே 28 லட்சம் டாலர் ஒதுக்கியது. 190 அரசு ஆரம்பப் பள்ளிகளுக்குச் சமையலறையும் தோட்டமும் அமைக்கத் தலா 60,000 டாலர் வரை தருவது திட்டம். டீக்கின், மெல்பர்ன் பல்கலைக்கழகங்கள் 2009-இல் முடித்த மதிப்பீட்டில், இதில் சேர்ந்த பிள்ளைகள் புதிய உணவை ருசிபார்க்க முன்பைவிட அதிகம் முன்வந்தது தெரிந்தது. அரசுப் பணம் அடுப்பையும் மேடையையும் வாங்கித் தந்தது, ஆளைத் தரவில்லை. தன்னார்வலரைத் தேடிப் பிடிப்பதும், வந்தவரை அடுத்த ஆண்டும் வரவைப்பதும் ஒவ்வொரு பள்ளியும் தானே சுமக்கும் வேலை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வட்டாரங்களில் காலை 11 மணிக்கு யார் வருவார்?

விடுமுறையில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. டிசம்பர் பின்பாதியில் பள்ளி மூடினால் ஜனவரிக் கடைசியில்தான் திறக்கும். கோடை உச்சத்தில் இருக்கும் நாட்கள் அவை. மெல்பர்ன் வெயில் சில நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும், நாற்றுகள் இரண்டு நாள் தாங்காது. அதனால் கடைசி வாரத்திலேயே முறை வைத்துப் பெயர் எழுதி ஒட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றவும் கோழி வளர்க்கும் பள்ளிகளில் தீனி வைக்கவும் ஒரு வாரம் ஒரு குடும்பம். பறிக்கும் காயும் கோழி இடும் முட்டையும் அந்த வாரத்துக் குடும்பத்துக்கே.