வேப்பங்கொட்டையும் சங்க அங்கத்தினரும்

திருத்தணி வட்டாரத்தில் வேம்பு இல்லாத கிராமம் அரிது. தமிழர் சித்திரைப் பிறப்புக்கும், தெலுங்கர் உகாதிக்கும் அதன் பூவையே பச்சடியில் சேர்க்கின்றனர். நெற்குதிரில் உலர்ந்த இலையைப் பரப்புவதும், வயலுக்குப் பிண்ணாக்கு இடுவதும் பரம்பரை வழக்கங்கள். ஆயினும் ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைக் குப்பையோடு தள்ளிவிட்டு, பூச்சிமருந்துக்காகச் சங்கத்தில் கடன் கேட்கும் அங்கத்தினர் பலர். இது விந்தையே!

வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரில் வெட்டுக்கிளிகள் இறங்கியும் அதைத் தின்னாதிருந்ததை 1962-ல் டில்லியில் பிரதான் என்னும் அறிஞர் கண்டார். இதற்கு முக்கிய காரணமான அஸாடிராக்டின் என்னும் வஸ்து 1968-ல் பிரித்தெடுக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமை, அது இந்தியாவில் முன்பே அறியப்பட்டதென்ற ஆட்சேபத்தின்பேரில் 2000-ல் ரத்தாயிற்று. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியாயிற்று.

ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, இரவெல்லாம் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் இதன் வீரியம் குன்றும். கொட்டைகளை நிழலில் உலர்த்திச் சேமித்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்தவை உதவா.

கன்று வளர்க்கவோ பழைய விதை ஆகாது. முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே அற்றுவிடுமாதலால், பழச்சதையைக் கழுவி நீக்கி உடனே விதைத்தல் நலம். நீர் தேங்காத எந்தப் புறம்போக்கும் போதுமானது. கன்று தலையெடுக்கும் வரை ஆடு கடியாதபடி முள்ளிட்டுக் காக்கவேண்டும்.