மிஸ்திரியிடம் பாடம் கேட்ட ஆசாரியர்

கூடலூர்வாசிகளுக்குச் சுண்ணாம்பின் பலத்தை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரியாற்று அணை, சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் சேர்ந்த காரையினால் எழுந்தது. அந்த அணை தேக்கும் நீர்தான் மலையைக் குடைந்த வழியே வந்து கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை விளைவிக்கிறது. வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் அதே சுண்ணாம்பு, சித்திரக்காரனுடைய மெல்லிய வர்ணத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் காக்க வல்லது. அந்த வித்தையைக் கற்பதற்காகப் புகழ்பெற்ற சித்திராசாரியர் ஒருவர் மறுபடியும் மாணவரானார்.

அவர்தாம் நந்தலால் போஸ். 1882-இல் பிறந்தவர். அஜந்தாவுக்கும், 1921-இல் பாக் குகைகளுக்கும் சென்று, பழைய சுவர்ச் சித்திரங்களைப் பார்த்துப் பிரதி எழுதியவர். ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்தில் நிறுவிய கலாபவனத்தின் தலைவராக விளங்கியவர். ஆயினும், அஜந்தாவில் அவர் கண்டது உலர்ந்த பூச்சின்மேல் பசை கலந்த வர்ணத்தால் எழுதும் முறை. ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதும் முறையோ முற்றிலும் வேறு. அதை மாணவர்களுக்குப் போதிக்க வேண்டுமானால் முதலில் தம் கை பழக வேண்டுமல்லவா? ஆகையால், 1927-இல் ஜயப்பூரிலிருந்து நரசிங்கலால் என்ற பரம்பரைத் தொழிலாளர் சாந்திநிகேதனத்துக்கு அழைக்கப்பட்டார். ஆசிரியரும் மாணவர்களும் ஒருங்கே அந்த மிஸ்திரியிடம் பாடம் கேட்டார்கள்.

பாடம் எளிதன்று. சுண்ணாம்பை நீரில் நெடுநாள் ஊறவைத்து, தயிர் சேர்த்துப் பதப்படுத்தி, பளிங்குப் பொடியுடன் நைய அரைத்து, சுவரில் பல பூச்சுகளாகப் பூச வேண்டும். ஈரம் புலர்வதற்குள் வர்ணம் தீட்டி, சிறு கரண்டியால் தட்டித் தட்டி அதைச் சாந்துக்குள் இறக்க வேண்டும். பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகிட்டு, தேங்காயெண்ணெய் தடவி முடிக்க வேண்டும். சுண்ணாம்பின் காரத்துக்கு எல்லா வர்ணங்களும் ஈடுகொடுப்பதில்லை. காவி முதலிய மண் நிறங்களே நிலைக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கிரகித்துச் சுண்ணம் மீண்டும் கல்லாகும்போது, வர்ணமும் அக்கல்லின் உடலிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. காகிதத்தில் போலத் திருத்தி எழுத இடமில்லை. பிழை நேர்ந்தால் அந்தப் பூச்சையே செதுக்கி எடுக்க வேண்டும்!

இத்தகைய வித்தை ஏட்டில் நில்லாது. கையிலிருந்து கைக்குத்தான் போகும். நம் தஞ்சைப் பெரிய கோயிலே இதற்குச் சாட்சி. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அங்கே சோழர் காலச் சித்திரங்களைக் கண்டறிந்தார். பின்னர் சென்னை மியூஸியத்தின் ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன், அவை ஈரச் சுண்ணத்தின்மேல் எழுதப்பட்டவை என்று பரிசோதித்து நிரூபித்தார். பொருள் இன்னதென்று ரசாயனம் சொல்லிற்று. ஆனால் அவற்றை எழுதிய கைகளின் பழக்கத்தை நமக்குக் காட்ட அந்தச் சோழ நாட்டுச் சித்திரக்காரரின் சீடர் எவரும் எஞ்சியிருக்கவில்லை. இழப்பு எத்தகையது, பார்த்தீர்களா?

சாந்திநிகேதனத்தில் அந்தச் சங்கிலி அறுந்துவிடவில்லை. நந்தலாலின் மாணவர் வினோத விஹாரி முகர்ஜி, பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையற்று, மற்றதிலும் மங்கிய பார்வையுடையவர். அவரே 1946-47-இல் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வரலாற்றை ஈரச் சுண்ணத்தில் எழுதினார். அப்பணியில் அவருக்குத் துணைநின்ற மாணவர்களுள் ஒருவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன். அவர் பிற்காலத்தில் பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் ஆசிரியராகிப் பல தலைமுறைச் சித்திரக்காரர்களை உருவாக்கினார்.

ஜயப்பூர்த் தொழிலாளியின் கரண்டியைப் பட்டம் பெற்றவர்கள் ஏளனமாக எண்ணியிருந்தால் இவ்வளவும் நிகழ்ந்திராது. நம் ஊர்களிலும் சுண்ணாம்பின் பதமறிந்த முதிய கைகள் இன்னும் சில இருக்கின்றன. சித்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போவார்களாக. அந்தக் கைகள் ஓய்ந்தபின் போவதில் பயனில்லை.