மாத்திரைக்கு மசிந்த கட்டி
கத்திக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வளர்ந்த அபூர்வ மூளைக் கட்டிக்குப் புதிய எதிரி

அந்த மனிதருக்கு வயது 39. தலைவலியும் மங்கும் பார்வையுமாக வந்தவருக்கு அறுவைக்கு மேல் அறுவை நடந்தது. ஒவ்வொரு முறையும் கட்டி மீண்டும் தலைதூக்கியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்களிடம் மிச்சமிருந்த வழிகள் குறைவு.

கட்டியின் பெயர் கிரேனியோஃபரிஞ்சியோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும். புற்றுநோய் அல்ல; ஆனால் குடியேறும் இடம்தான் வில்லங்கம். மேலே பார்வை நரம்புகள், கீழே பிட்யூட்டரி சுரப்பி, அருகிலேயே பசி, தாகம், தூக்கத்தை ஆளும் ஹைபோதலாமஸ். முழுவதையும் எடுக்க முயன்றால் இவை சேதமாகலாம். மிச்சம் வைத்தால் கட்டி திரும்பும். தப்பிப் பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரைகளை நம்பியிருக்கிறார்கள்.

திருப்பம் 2014இல் வந்தது. இக்கட்டியில் பெரும்பாலும் பெரியவர்களையே தாக்கும் 'பாப்பிலரி' வகையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரே பிழையைக் கண்டார்கள். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏற்கனவே அறிமுகமான பிழை அது. அதற்கு மருந்தும் கடைக்கு வந்திருந்தது.

பாஸ்டன் நோயாளிக்கு டாப்ராஃபெனிப் தரப்பட்டது. 21ஆம் நாள் ட்ராமெடினிப் சேர்ந்தது. 35ஆம் நாள் ஸ்கேனில் கட்டியின் திடப் பகுதி 85 சதவீதம் சுருங்கியிருந்தது. எஞ்சியதை அறுவையும் கதிர்வீச்சும் பார்த்துக்கொண்டன.

ஒருவருக்குப் பலித்தது மற்றவர்களுக்கும் பலிக்குமா? கதிர்வீச்சு பெறாத 16 பேரிடம் இதே இனத்தைச் சேர்ந்த வெமுராஃபெனிப், கோபிமெடினிப் என்ற ஜோடி மருந்து சோதிக்கப்பட்டது. 2023இல் வெளியான முடிவு: 15 பேருக்குக் கட்டி சுருங்கியது. சுருக்கத்தின் இடைநிலை அளவு 91 சதவீதம்.

கொண்டாட்டத்தில் நிதானமும் தேவை. தோல் தடிப்பு, காய்ச்சல் போன்ற பக்க விளைவுகள் உண்டு. மருந்தை நிறுத்தினால் சிலருக்குக் கட்டி மீண்டும் வளரக்கூடும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இன்னொரு வகையில் இந்த மரபணுப் பிழை இல்லை. எனவே மருந்தும் பயன்படாது. விலையோ நடுத்தரக் குடும்பங்களை மலைக்க வைக்கும்.

ஆனாலும் ஒரு கேள்விக்கு அதிகச் செலவில்லை. அறுவையில் எடுத்த திசுத் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து மருத்துவமனைகள் பாதுகாக்கின்றன. அதில் பிராஃப் பிழை இருக்கிறதா என்பதைப் பல ஆண்டுகள் கழித்தும் சோதித்துப் பார்க்கலாம். அடுத்த அறுவைக்குக் கையெழுத்துப் போடும் முன் நோயாளி கேட்க வேண்டியது அதைத்தான்.