தந்தமில்லாத யானைகள் ஏன் பெருகின?

ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. மரப்பட்டையை உரிக்கவும் தண்ணீருக்குக் குழி தோண்டவும் அதுதான் கருவி. அப்படியிருக்க, மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில் தந்தமில்லாத பெண் யானைகள் எப்படிப் பெருகின? அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். இரு தரப்புப் படைகளும் தந்தத்துக்காகச் சுட்டதில் பத்தில் ஒன்பது யானைகள் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே தந்தமின்றி இருந்தன. பிழைத்தவற்றில் பாதி அப்படி.

துப்பாக்கிக்குப் பயந்து யானை தந்தத்தைத் துறந்துவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. தந்தத்தைத் தடுக்கும் மரபணுத் திடீர்மாற்றம் போருக்கு முன்பே சில யானைகளிடம் இருந்தது. அது தேவை பார்த்து வருவதில்லை. சூழல் ஒரு சல்லடை. எது தங்கும், எது விழும் என்பதைச் சல்லடைக் கண்ணின் அளவு தீர்மானிக்கிறது. தானியத்தை அது உண்டாக்குவதில்லை. போர் அந்தக் கண்ணை மாற்றியது, அவ்வளவே.

தற்செயலாகவும் நடந்திருக்கலாமே? 2021இல் வெளியான ஆய்வு அதையும் கணக்கிட்டுப் பார்த்தது. தற்செயலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளிலும் சுமார் மூன்றில் ஒன்றுக்குத் தந்தமில்லை. அப்படியானால் எல்லா யானைகளும் ஒருநாள் இப்படி ஆகிவிடுமா? ஆகாது. இந்த மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகத் தெரிகிறது. ஒரே ஒரு எக்ஸ் கொண்ட ஆண் கரு இதைப் பெற்றால், பெரும்பாலும் பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது.