வேலிக்கு உள்ளே ஒரு வீதி மரம்

அடி வீட்டு வளவில் நிற்கிறது. நிழலோ வீதியிற் செல்வோர் தலைமேல் விழுகிறது. அத்தகைய மரத்தை நடுவது யார் கடமை? வீட்டுக்காரருடையதா, நகரசபையுடையதா? இருவருடையதுந்தான் என விடை கூறுகிறது அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம்.

அம்மாநிலத்தின் ஒவ்வோர் ஊரும் ஒரு மரக் காவலரைத் தெரிவுசெய்தல் வேண்டும் என 1899ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வீதி மரங்களை நடுதலும் பேணுதலும் அவர் பொறுப்பு. இன்று அங்கு வழங்கும் சட்டப்படி, பொதுப் பணத்தைக் கொண்டு அவர் வீதியில் மட்டுமன்றி, வீதியிலிருந்து 20 அடிக்கு உட்பட்ட தனியார் நிலத்திலும் நிழல் மரம் நடலாம். நிபந்தனை ஒன்றுண்டு: நிலத்துக்குரியவர் முன்னரே எழுத்தில் சம்மதம் அளித்தல் வேண்டும்.

பொதுப் பணத்தைத் தனியார் வளவிற் செலவிடுவதா எனச் சிலர் வினவக்கூடும். மரத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நடைபாதைக்கும் தார் வீதிக்கும் இடையே அதற்குக் கிடைப்பது ஒடுங்கிய குழி ஒன்றே. சுற்றிலும் இறுகிய மண்; நீரும் காற்றும் வேரை அடைதல் அரிது. மேலே மின்கம்பி; அதன்பொருட்டுக் கிளைகள் வெட்டுண்கின்றன. குளிர்காலத்தில் உறைபனியை உருக்குதற்கு வீதியில் தூவும் உப்பும் வேரைக் கெடுக்கும். சில அடி தள்ளி வீட்டு முற்றத்தில் நட்டாலோ, வேரோட இளகிய மண்ணுண்டு. கிளை விரிய இடமுண்டு. நிழல் வீதிக்கும் வரும். வீட்டுச் சுவரையும் வெயிலிலிருந்து காக்கும்.

இம்மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரம் இவ்வாறு முற்றங்களில் மரம் நட்டு வந்துள்ளது. மரத்தைக் கொணர்ந்து நடுவது நகரம். நீரூற்றிப் பேணுவது வீட்டுக்காரர். நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீர் தவறினால் கன்று பிழைத்தல் அரிது. ஆதலால் அவர் பங்கு சிறிதன்று.

இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. வீதியில் நிற்கும் பொது மரத்தை வெட்டுவதாயின் முன்னறிவித்தல் கொடுத்துப் பொது விசாரணை நடத்துதல் அங்கே சட்டம். அவ்விதி வீதி மரங்களுக்கென எழுந்தது. வளவுக்குள் நிற்கும் மரத்துக்கு உரியவரின் நல்ல மனமே பெருங்காவல். வீடு கைமாறினால், வாங்கியவரின் மனமும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

வேலி கடந்து நீண்ட கிளைக்காக அயலவரோடு வழக்காடுதல் நாம் அறியாததன்று. வீதிக்கென்றே வளவில் மரத்துக்கு இடம் விடுதல் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வீட்டுக்காரர் கொடுப்பது யாது? ஒரு கையொப்பம், சில அடி நிலம், சில கோடைகளுக்கு நீர். பெறுவோர், அவர் பெயரும் அறியாத வழிப்போக்கர்.