உத்தரவில் வந்து உத்தரவில் போன குடும்பங்கள்

ராசா, பத்தாங் காலி, கோலகுபு பாரு வட்டாரத்தில் அவசரகாலத்தைக் கண்ட மூத்தவர்களிடம் பட்டாளத்தைப் பற்றிக் கேட்டால் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, லாரியில் வந்து இறங்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கத்தி செருகிய கூர்க்காக்கள் என்றுதான் பேச்சு போகும். அந்தச் சிப்பாய்களில் பலருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதும், அவர்களில் ஒரு பகுதியினர் இதே நாட்டில் எங்கோ ஒரு வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தார்கள் என்பதும் தோட்டத்து ஆட்களின் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

அந்தக் குடும்பங்களுக்கும் பயம் இருந்தது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி, கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதே காரில் அவருடைய மனைவியும் இருந்தார். அவர் உயிர் தப்பினார். அதே ஆண்டில் கேமரன் மலையில் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக 'ஸ்லிம் பள்ளி' என்ற விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள் மலையடிவாரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கவச வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 1964இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

வெளிநாட்டுப் பட்டாளத்துக் குடும்பங்கள் இந்த நாட்டில் ஊர் போலவே வாழ்ந்த இடம் என்றால் பட்டர்வொர்த்தும் பினாங்கும்தான். பட்டர்வொர்த் விமானத் தளம் 1958இல் பிரிட்டனிடமிருந்து ஆஸ்திரேலிய விமானப் படையின் கைக்கு வந்தது. 1970இல் தளம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும், ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாட்டின் கீழ் ஆஸ்திரேலியர்கள் அங்கேயே இருந்தார்கள். முதலில் சேபர், பிறகு மிராஜ் என்று போர் விமானங்கள் மாறின. குடும்பங்களும் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு குடும்பத்துக்கு இரண்டு, இரண்டரை ஆண்டு. அது முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டும், அடுத்த குடும்பம் வந்துவிடும்.

வந்து இறங்கும் குடும்பத்துக்கு வீடு தேடும் கவலை இல்லை. தளத்துக்குள் குடியிருப்புகள் இருந்தன. அவை போதாததால் பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங், புலாவ் திக்குஸ் பக்கம் விமானப் படையே வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தளவாடத்தோடு கொடுத்தது. கணவன் காலையில் பெர்ரி ஏறி அக்கரைக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புவான். பினாங்குப் பாலம் 1985இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பெர்ரி நேரம்தான் அந்தக் குடும்பங்களின் கடிகாரம்.

மற்ற ஏற்பாடுகளும் அப்படித்தான். பிள்ளைகளுக்குத் தீவிலேயே விமானப் படைப் பள்ளி இருந்தது, ஆசிரியர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். ஊர் திரும்பும்போது பிள்ளை ஒரு வகுப்பும் பின்தங்கக் கூடாது என்பதற்காகப் பாடமும் அங்குள்ளதே. தளத்தில் சொந்த மருத்துவமனை இயங்கியது. வியட்னாம் போரில் காயம்பட்டவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகும் வழியில் அங்கே இறக்கிச் சிகிச்சை தந்தார்கள். அதே மருத்துவமனையில்தான் குடும்பங்களின் பிரசவங்களும் நடந்தன. 'பிறந்த ஊர்: பட்டர்வொர்த்' என்று பதிந்த ஆஸ்திரேலியர்கள் இன்று நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். வீட்டு நினைவு வாட்டாமல் இருக்க ஒரு வானொலி நிலையம்கூட நடத்தினார்கள்.

இவ்வளவு செய்து கொடுத்தும் ஒரு வீட்டை நடத்தப் பட்டாளத்தால் முடியாது. பூட்டி வைத்த அலமாரியில் காலணி பூஞ்சணம் பிடிப்பதும், சோற்றுப் பானையில் எறும்பு ஏறுவதும், பிள்ளை உடம்பெல்லாம் வேர்க்குரு வருவதும் எந்தக் கையேட்டைப் பார்த்தும் தீராது. தண்ணீரை எப்படிக் கொதிக்க வைப்பது, மீனைச் சந்தையில் எத்தனை மணிக்குள் வாங்குவது, கடைக்காரர் சொல்லும் விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்பது என்பதையெல்லாம் சொல்லித் தந்தவர் ஆயாதான். பெரும்பாலும் சீனப் பெண்கள், அவர்களோடு மலாய், தமிழ்ப் பெண்களும் இந்த வேலைக்குப் போனார்கள். புல் வெட்டிச் செடி பார்க்கும் தோட்டக்காரர், துணி வெளுப்பவர், சைக்கிளில் வரும் ரொட்டி பாய் என்று வாசலுக்கு வருகிறவர்களில் நம்மவர்கள் நிறைய இருந்தார்கள்.

தோட்டத்து வாசகர்களுக்குத் துரை பங்களாவும் அங்கே வேலை செய்த ஆயாவும் புதிதல்ல. ஆனால் பினாங்கில் நிலைமை கொஞ்சம் வேறு. தோட்டத்துத் துரைசாணி ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகியவர். விமானத்துக்கு நட்டு முடுக்கும் சாதாரண மெக்கானிக்கின் மனைவியோ தன் ஊரில் தானே துணி துவைத்துத் தானே வீடு கூட்டியவர். இங்கே வந்த முதல் வாரத்தில் இன்னொரு பெண் தன் வீட்டுத் தரையைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாமல் நின்றவர்கள் உண்டு. சில மாதங்களில் அது பழகிவிடும். அப்படிப் பழகிவிட்டது ஊர் திரும்பிய பிறகுதான் உறைக்கும்.

கணவன் எப்போதும் வீட்டில் இருந்தான் என்றும் நினைக்க வேண்டாம். 1962 முதல் 1968 வரை தாய்லாந்தின் உபோன் தளத்துக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ஆட்களை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். இந்தோனேசியாவுடனான மோதல் நடந்த 1963-1966 காலத்தில் தளமே விழிப்பு நிலையில் இருந்தது. 1967 நவம்பரில் நாணய மதிப்புக் குறைப்பை எதிர்த்துப் பினாங்கில் நடந்த ஹர்த்தால் கலவரமாக மாறி ஊரடங்கு வந்தது. 1969 மே மாதம் மீண்டும் ஊரடங்கு. மொழி தெரியாத ஊரில் கைக்குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, வெளியே என்ன நடக்கிறது, கடை எப்போது திறக்கும் என்று சொல்ல வீட்டில் இருந்த ஒரே பெரிய ஆள் பல நேரங்களில் ஆயாதான்.

இந்த உறவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குடும்பம் கிளம்பும் வாரத்தில் ஆயாவின் கைக்கு ஒரு கடிதம் வரும். நேர்மையானவர், பிள்ளைகளிடம் அன்பானவர், சமையல் தெரிந்தவர் என்று வீட்டம்மா எழுதித் தரும் சிபாரிசுக் கடிதம் அது. அடுத்து வரும் குடும்பத்திடம் அதைக் காட்டினால் வேலை கிடைக்கும். பல வேளைகளில் வீட்டையும் ஆயாவையும் சேர்த்தே அடுத்த குடும்பத்துக்குக் கைமாற்றி விடுவார்கள். இருபது ஆண்டு உழைத்த பெண்ணிடம் கடைசியில் இருந்த சொத்து அந்தக் கடிதக் கட்டுத்தான். வீட்டு வேலையாளுக்குச் சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும் என்று முதலாளியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சொக்சோ பாதுகாப்புகூட 2021 ஜூன் மாதம்தான் வீட்டு வேலையாட்களுக்குக் கட்டாயமானது. 1980களில் விமான அணிகள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பி, 1988இல் பள்ளியும் மூடப்பட்டபோது, குடும்பங்களை ஏற்றிக்கொள்ள விமானம் இருந்தது. கடிதக் கட்டை வைத்திருந்தவர்களுக்கு அதைக் காட்ட ஆள் இல்லை.

பட்டாளத்துக் குடும்பம் என்றால் எல்லாருக்கும் பங்களாவும் ஆயாவும் கிடைத்தன என்றும் இல்லை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கெடாவின் சுங்கை பட்டாணியில் 1971 வரை கூர்க்காக்களின் பயிற்சி முகாம் இருந்தது. இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு, 1948 ஜனவரி 1இல் நான்கு கூர்க்கா ரெஜிமெண்டுகள் பிரிட்டிஷ் இராணுவத்துக்கு மாறி மலாயாவுக்கு வந்தன. அதே ஆண்டு ஜூனில் அவசரகாலம் பிறந்தது. காட்டில் மாதக்கணக்கில் சுற்றிய அந்தச் சிப்பாயின் மனைவி, நேப்பாள மலைக் கிராமத்திலிருந்து இறங்கி, கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்தவள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் முன்னோர் கப்பல் ஏறியதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. வந்து தங்கிய குடியிருப்புக்கும் 'லைன்' என்றே பெயர். நம் லயத்தின் அதே சொல்.

ஆனால் எல்லா மனைவிகளும் வர முடியாது. கீழ்நிலைச் சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டுச் சேவையில் ஒரே ஒரு முறை, சுமார் மூன்று ஆண்டு மட்டும் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அனுமதி என்ற விதி 2000களின் நடுப்பகுதி வரை நீடித்தது. மற்ற ஆண்டுகளில் மனைவி மலையில், கணவன் கடல் கடந்து. சேவை முடிந்தால் நேப்பாளத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே கொடியின் கீழ்ச் சுட்டவர்கள்தான், ஓய்வூதியம் மட்டும் வேறு கணக்கு. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2009 மே 21இல்தான், நான்கு ஆண்டாவது சேவை செய்த எல்லா கூர்க்காக்களும் பிரிட்டனில் குடியேறலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. மலாயாக் காட்டில் சண்டையிட்ட தலைமுறைக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் குளிர் நாட்டில் மொழி தெரியாமல் புதுக் குடித்தனம் போடுவது உரிமைதான். சுகம் என்று சொல்ல முடியாது.

நமக்கு இன்னும் பக்கத்தில், சிங்கப்பூரில், இதன் இன்னொரு வடிவம் இன்றும் உண்டு. அங்கே 1949இல் தொடங்கிய கூர்க்கா அணி இராணுவம் அல்ல, காவல் துறையைச் சேர்ந்தது. என்றாலும் குடும்ப வாழ்க்கை பட்டாள முறைதான். மவுண்ட் வெர்னன் முகாமில் வீடு, பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளி. ஆனால் தந்தை ஓய்வு பெற்றதும் குடும்பம் முழுவதும் நேப்பாளத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. சிங்கப்பூர் ஆங்கிலம் பேசி, கோழிச் சோறு தின்று வளர்ந்த பிள்ளை, பெற்றோரின் நாட்டில் அந்நியராகப் போய் இறங்குகிறது. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேலை கொடுப்பவர் வீடும் கொடுத்தால், வேலை முடியும் நாளில் வீடும் முடிகிறது. பட்டாளத்தில் அது முதல் நாளே தெரியும், கெடுவும் எழுத்தில் இருக்கும். தோட்டத்தில் மூன்று தலைமுறை ஆன பிறகுதான் அது தெரியவரும். புக்கிட் தாகார், நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகக் காத்திருந்த ஆண்டுகளை உலு சிலாங்கூரில் அறியாதவர் யார்? ஆஸ்திரேலியக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஊர் இருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசம்.

திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கியவர்களும் இருக்கிறார்கள். மலாக்கா, சுங்கை ஊடாங்கில் உள்ள தெரண்டாக் முகாம் 1960களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளைக் கொண்ட காமன்வெல்த் படைப்பிரிவின் இருப்பிடமாக இருந்தது. முகாமுக்குள் ஓர் இடுகாடு உண்டு. வியட்னாமில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் சிலரை அங்கே புதைத்தார்கள். காரணம் பணம். 1966 ஜனவரி வரை, வெளிநாட்டில் இறந்த வீரரின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் குடும்பமே 500 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. வீரர்களுக்குப் பக்கத்தில், உடன் வந்து இங்கேயே இறந்த குடும்பத்தினரின் குழிகளும் இருந்தன.

அரை நூற்றாண்டு கழித்து ஆஸ்திரேலிய அரசு அந்தச் செலவைத் தானே ஏற்றது. தெரண்டாக்கிலிருந்து 32 பேர், சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்து ஒருவர் என 33 பேரின் எச்சங்கள் 2016 ஜூன் 2ஆம் தேதி சிட்னிக்கு அருகிலுள்ள ரிச்மண்ட் விமானத் தளத்தில் இறக்கப்பட்டன. 2018இல் நியூசிலாந்தும் தன்னவர்களைக் கொண்டுபோனது. பிரிட்டிஷ் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. தெரண்டாக் இப்போது மலேசிய இராணுவ முகாம் என்பதால், அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.